அலுவலகக் கணினியும் உங்கள் அந்தரங்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அலுவலகத்தில் கொடுக்கும் கணினியை நிறுவனம் எந்த அளவுக்குப் பார்க்கலாம், பார்த்தால் நாம் என்ன செய்யலாம் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். யார் பெயரையும் போடவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலக சாட்டில் என் தோழியிடம் மட்டும் என் உடல்நிலை பற்றியும், மேனேஜர் என்னிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றியும் எழுதியிருந்தேன். போன வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு அந்த வரிகளை அப்படியே வாசித்துக் காட்டினார். "கம்பெனி கம்ப்யூட்டர், கம்பெனி சாட், எல்லாம் எங்களுடையது" என்றார். என் தோழி காட்டிக் கொடுக்கவில்லை, அது நிச்சயம். இப்படிப் படிக்க அவருக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: படிக்க முடியுமா என்பதும் படிக்கலாமா என்பதும் வேறு வேறு கேள்விகள் சகோதரி, உங்கள் மேனேஜர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

முடியும் என்பது உண்மை. டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலக சாட் செயலிகளில் நாம் அனுப்பும் தனிச் செய்தி மற்ற ஊழியர்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். கணக்கை நடத்துவது நிறுவனம். புகார் விசாரணை, வழக்கு போன்ற தேவைகளுக்காகப் பழைய செய்திகளைத் தேடி எடுக்கும் வசதி நிறுவனத்துக்கு உண்டு, ஸ்லாக்கில் அது எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் ஒரு பிரிவு மேனேஜர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அடுத்தவர் செய்தியைத் திறந்து பார்க்கும் வசதி இவற்றில் சாதாரணமாகக் கிடையாது. நிர்வாகி அனுமதி வைத்திருக்கும் யாராவது எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அப்படி எடுத்திருந்தால் பெரும்பாலும் அதற்கும் ஒரு பதிவு இருக்கும். இல்லையென்றால் நீங்களோ உங்கள் தோழியோ திரையைப் பூட்டாமல் எழுந்து போன நேரத்தில் யாரோ பார்த்திருக்கிறார்கள். எது நடந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் "எல்லாம் எங்களுடையது" என்ற வாதம். அலுவலகக் கழிப்பறையும் நிறுவனத்துக்குச் சொந்தம்தான், அதற்காக அங்கே கேமரா வைக்க முடியாது. பொருள் யாருடையது என்பதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடாது என்று பல நாட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அவற்றில் உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது ருமேனியாவின் பர்புலெஸ்கு வழக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பர்புலெஸ்கு என்பவர் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பொறியாளர். வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்கு தொடங்கச் சொன்னார்கள், தொடங்கினார். 2007 ஜூலையில் சில நாட்கள் அதில் அவர் என்ன எழுதுகிறார் என்று நிறுவனம் பதிவு செய்தது. சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். உடனே 45 பக்க அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினார்கள், அதில் தன் சகோதரனுக்கும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கும் அவர் எழுதிய மிக அந்தரங்கமான வரிகளும் இருந்தன. வேலை போனது. உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் 2016-ல் முதல் சுற்றில் தோற்றார். அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, அதாவது நீதிபதிகள் அதிகமாக உட்காரும் பெரிய அமர்வு, 2017 செப்டம்பரில், 11 நீதிபதிகள் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம் என்ற கணக்கில், அவருடைய தனி வாழ்க்கைக்கான உரிமையை நாடு காக்கத் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நிறுவனத்தில் கணினியைச் சொந்த வேலைக்குத் தொடவே கூடாது என்ற கண்டிப்பான விதி இருந்தது, அவருக்கும் அது தெரியும். அப்படி இருந்தும், ஒரு முதலாளியின் உத்தரவால் பணியிடத்தில் மனிதருடைய தனி வாழ்க்கையைப் பூஜ்ஜியமாக்கிவிட முடியாது என்றது நீதிமன்றம். கண்காணிப்பு நடக்கும், அதுவும் செய்தியின் உள்ளடக்கம் வரை போகும் என்று முன்கூட்டியே சொன்னார்களா? அப்படிப் பார்க்க நியாயமான காரணம் என்ன? இதைவிடக் குறைவாகத் தலையிட்டு அதே காரியத்தைச் செய்திருக்க முடியாதா? எடுத்ததை எதற்குப் பயன்படுத்தினார்கள்? இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றது.

பத்து வருடப் போராட்டத்துக்கு அவருக்கு நஷ்ட ஈடு என்று தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை, செலவுத் தொகை மட்டும்தான் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தீர்ப்பு உங்கள் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்பது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கேள்விகளை எங்கேயும் கேட்கலாம். எச்.ஆருக்கு, அதாவது மனிதவளப் பிரிவுக்கு, ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், கோபமில்லாமல், சுருக்கமாக: என் தனிச் செய்திகளை யார், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக, எந்த விதியின் கீழ் எடுத்தார்கள், என் உடல்நிலை பற்றிய தகவல் இப்போது யாரிடம் இருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்பு தர வேண்டிய தகவலாகப் பல நாட்டுச் சட்டங்கள் தனியே பிரித்து வைத்திருக்கின்றன, அதை ஒரு மேனேஜர் கூட்டத்திலோ அறையிலோ வாசித்துக் காட்டுவது சாதாரண விஷயம் இல்லை. மேனேஜரின் நடத்தை பற்றிச் சக ஊழியரிடம் பேசியதற்காகத் தண்டித்தாலும் சில நாடுகளில் அது தனிக் குற்றச்சாட்டாகும். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் சம்பளம், வேலைச் சூழல் பற்றி ஊழியர்கள் கூடிப் பேசும் உரிமையைத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆதாரம் வேண்டும் என்று அலுவலகக் கோப்புகளை மொத்தமாக உங்கள் வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே பிடித்துக்கொண்டு ரகசியத்தை வெளியே எடுத்தார் என்று உங்கள் மேல் திருப்புவார்கள். நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் என்று ஒரு நோட்டில் கையால் எழுதி வீட்டில் வையுங்கள். அது போதும்.

கேள்வி: அலுவலக லேப்டாப்பில் பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து வேறு வேலை தேடினால் நிறுவனத்துக்குத் தெரியுமா?

பதில்: தெரிய வாய்ப்பு அதிகம். இன்காக்னிட்டோ செய்வதெல்லாம், விண்டோவை மூடிய பிறகு அந்தக் கணினியில் நீங்கள் போன பக்கங்களின் வரலாறும் குக்கியும் (தளங்கள் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளச் சேமிக்கும் சிறு கோப்பு) தங்காமல் பார்த்துக்கொள்வது. அலுவலக நெட்வொர்க் வழியாகப் போகும்போது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அங்கே பதிவாகும். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே, உள்ளே என்ன படித்தேன் என்று தெரியாதே என்று நினைக்கலாம். ஆனால் பல நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் கணினியில் தங்களுடைய டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை முன்பே நிறுவி வைக்கின்றன, அதன் மூலம் குறியாக்கம் செய்யப்பட்ட, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிய, போக்குவரத்தையும் நடுவில் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் நெட்வொர்க்கே தேவையில்லை, அது நேராகத் திரையைப் படம் எடுக்கும். வீட்டு வைஃபையில் இருந்தாலும் அதே கதிதான். குரோமில் மெனுவைத் திறந்தால், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி கீழே தெரிகிறதா பாருங்கள். அது தெரியவில்லை என்பதால் கண்காணிப்பு இல்லை என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம்.

வேலை தேடுவதை உங்கள் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேரும்போது கொடுத்த கட்டுக் காகிதத்தில், "நிறுவனக் கருவிகளில் எனக்கு எந்தத் தனியுரிமையும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியும் இருந்ததாம், இப்போதுதான் கவனித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

பதில்: எல்லாம் போகவில்லை. ஆனால் அந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும், அதனால் பொதுவாக ஒரு பதிலைச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில், குறிப்பாகத் தனியார் நிறுவனங்களில், அந்த வரிக்குப் பலம் அதிகம். அங்கே 1986-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு தனியுரிமைச் சட்டத்தில் முதலாளிக்குச் சாதகமான விதிவிலக்குகள் உண்டு, ஊழியரின் சம்மதம் அதில் ஒன்று. அங்கேயும் நியூயார்க் மாநிலத்தில் 2022 மே முதல், மின்னணுக் கண்காணிப்பு செய்யும் முதலாளி, சேரும்போதே எழுத்தில் தெரிவித்து ஊழியரின் ஒப்புதலை வாங்கி வைக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் கண்காணிப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. 2018-ல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின்படி சம்மதம் என்பது சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும், சம்பளம் கொடுப்பவர் நீட்டும் காகிதத்தில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்தைப் பொதுவாக அப்படிக் கருதுவதில்லை. அதனால் அங்கே நிறுவனம் வேறு நியாயமான காரணத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் புட்டசுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது பெரிய வாசலைத் திறந்தது என்றாலும், அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை, தனியார் முதலாளி மேல் அதை நேராகக் கொண்டுபோய் நிறுத்துவது எளிதில்லை. 2023-ல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவன ரகசியம் திருடப்படுவது போன்ற இழப்புகளைத் தடுக்கவும் ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அந்த வாசகம் தேவைக்கு மேல் அகலமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் "வேலை தொடர்பான" என்று ஒரு எல்லை அதில் இருக்கிறது. நீங்கள் உங்கள் மகளின் மருத்துவருக்கு எழுதிய மின்னஞ்சல் அந்த எல்லைக்குள் எப்படி வரும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, எச்.ஆரிடம் நடப்பில் உள்ள கணினிப் பயன்பாட்டுக் கொள்கையின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிப்பது. எதைப் பதிவு செய்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: என் நிறுவனத்தின் மேல் ஒரு பாகுபாட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன். வழக்கறிஞரோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருக்கிறேன். சில நாட்கள் அலுவலக லேப்டாப்பிலேயே என் ஜிமெயிலைத் திறந்து பதில் போட்டேன். அதை அவர்கள் எடுத்து எனக்கு எதிராகப் பயன்படுத்த முடியுமா?

பதில்: உடனே நிறுத்துங்கள். இதை வாசிக்கும் இந்த நிமிடத்தில் இருந்து அந்த லேப்டாப்பில் அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள், கணக்கில் இருந்து வெளியேறி, உங்கள் சொந்தப் போனில் இருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். வழக்கறிஞரிடமும் இப்படி நடந்தது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்த்த ஸ்டெங்கார்ட் வழக்கில் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு பெண் அதிகாரி வேலையை விடுவதற்கு முன் அலுவலக லேப்டாப்பில் தன் சொந்த யாஹூ கணக்கைத் திறந்து வழக்கறிஞருக்கு எழுதினார். பாஸ்வேர்டைக் கணினியில் சேமிக்கவில்லை. அப்படியும் அவர் பார்த்த பக்கங்களின் நகல் ஹார்டு டிஸ்கில் தானாகத் தங்கியிருந்தது, நிறுவனம் நிபுணரை வைத்து அதைத் தோண்டி எடுத்து, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் உட்கார்ந்து படித்தார்கள். அந்தக் கடிதங்கள் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம், அவற்றைப் படித்தது தவறு என்றது நீதிமன்றம்.

அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹோம்ஸ் என்ற பெண்ணின் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. அவர் வழக்கறிஞருக்கு எழுதியது நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் இருந்து. இந்தக் கணக்கு கண்காணிக்கப்படலாம், இதில் தனியுரிமை கிடையாது என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தக் கடிதங்களுக்கு ரகசியப் பாதுகாப்பு இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு பெண்களும் செய்த காரியம் ஒன்றுதான், எந்தக் கணக்கில் இருந்து எழுதினார்கள், நிறுவனம் என்ன எச்சரித்திருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நீங்கள் சொந்த ஜிமெயிலில் எழுதியதால் முதல் வழக்கின் பக்கம் நிற்கிறீர்கள். ஆனால் உங்கள் நாட்டு நீதிமன்றம் என்ன சொல்லும் என்று காத்திருக்க வேண்டிய நிலைக்கே போகாமல் இருப்பது நல்லது. புகார், வழக்கு, தொழிற்சங்கம், மருத்துவம், குடும்பப் பிரச்சினை, இவை எதையும் அலுவலகக் கருவியில் தட்டச்சு செய்யாதீர்கள், சொந்த மின்னஞ்சலில் என்றாலும்.

கேள்வி: வீட்டில் இருந்து வேலை செய்கிறேன். புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறது, மவுஸ் அசையாவிட்டால் அந்த நேரத்தை வேலை செய்யாத நேரம் என்று கழிக்கிறது. இப்போது வெப்கேமையும் நாள் முழுக்கத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், குழந்தை இருக்கிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூச்சு முட்டத்தான் செய்யும். யோசிக்கிற நேரம், ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிற நேரம், வாடிக்கையாளரோடு போனில் பேசுகிற நேரம் எல்லாம் அந்த மென்பொருளின் கண்ணில் சோம்பல். மவுஸ் அசைவை வைத்து வேலையை அளப்பது அளவுகோலே தவறானது என்பது என் உறுதியான கருத்து.

இது என் கருத்து மட்டும் இல்லை. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. நீங்கள் சொல்லும் அதே வகை மென்பொருள்: அவ்வப்போது திரையைப் படம் எடுத்தது, 3 முதல் 15 நிமிடம் வரை கீபோர்டோ மவுஸோ அசையாவிட்டால் அதைச் செயலற்ற நேரமாகக் குறித்தது. இடைவேளையில் கூட கேமரா ஒலியோடு ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டு அசையாத நேரத்திலும் ஊழியர் கூட்டத்திலோ தொலைபேசியிலோ வேலையில்தான் இருக்கலாம், அதனால் இந்த முறை வேலை நேரத்தை நம்பகமாக அளக்காது என்று ஆணையமே சொன்னது.

வெப்கேம் விஷயத்தில் நெதர்லாந்து நீதிமன்றம் 2022-ல் சொன்னதும் உங்களுக்கு உதவும். அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டில் இருந்து வேலை செய்த ஒருவரை, நாள் முழுக்கத் திரையையும் பகிர்ந்து கேமராவையும் திறந்து வைக்கச் சொன்னார்கள். திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கேமரா மட்டும் வேண்டாம் என்று அவர் மறுத்தார். உத்தரவை மீறினார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். அந்த நீக்கம் செல்லாது, நாள் முழுக்கக் கேமராவில் பார்ப்பது அவருடைய தனி வாழ்க்கைக்கான உரிமையை மீறுகிறது என்று சொன்ன நீதிமன்றம், நிறுவனம் அவருக்குப் பெரிய தொகையைத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நீங்கள் கேட்கும்போது உங்கள் அம்மாவையும் குழந்தையையும் முன்னால் வையுங்கள். அவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அவர்கள் வீட்டுக்குள் நடமாடுவதைப் பதிவு செய்ய நிறுவனத்துக்கு எந்தக் காரணமும் கிடையாது. மறுப்பை வெறும் மறுப்பாக வைக்காமல் மாற்று வழியோடு வையுங்கள்: கூட்டங்களில் கேமராவைத் திறக்கிறேன், தினமும் முடித்த வேலையின் பட்டியல் தருகிறேன், மற்ற நேரத்தில் கேமரா வேண்டாம். பதில் வரும் வரை, முடிந்தால் சுவரைப் பார்த்து கேமரா இருக்கும்படி மேஜையைத் திருப்பிப் போடுங்கள், அழைப்பில் இல்லாதபோது லென்ஸை மூடி வையுங்கள். மூடுவதற்குத் தடை என்று எழுத்தில் சொன்னால் அந்த எழுத்தைப் பத்திரப்படுத்துங்கள். மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகளை மட்டும் வாங்காதீர்கள். அதைக் கண்டுபிடித்தால் பேச்சு கண்காணிப்பில் இருந்து உங்கள் நேர்மைக்கு மாறிவிடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்பீர்கள்.

கேள்வி: என் சொந்தப் போனில் அலுவலக மின்னஞ்சல் வேண்டுமென்றால் நிறுவனத்தின் நிர்வாக ஆப்பைப் போட வேண்டும் என்கிறார்கள். என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் பார்ப்பார்களா?

பதில்: எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்ற முறையில் போட்டால் அலுவலக ஆப்கள் தனிப் பகுதியில் இருக்கும், உங்கள் பக்கத்துப் படங்களும் செய்திகளும் நிறுவனத்துக்குத் தெரியாது, வேலையை விட்டால் அந்தப் பகுதியை மட்டும் அழிப்பார்கள். ஐபோனில் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போனால் விபிஎன், டிவைஸ் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாம். பொதுவாக வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க இந்த ஆப்களால் முடியாது. ஆனால் சில அமைப்புகளில் போன் முழுவதையும் தொலைவில் இருந்து அழிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்குப் போய்விடும், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குழந்தை பிறந்ததில் இருந்து எடுத்த படங்கள் ஒரு நொடியில் போய்விடலாம். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் தனிப் போன் கொடுங்கள் என்று கேளுங்கள், அது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்திருக்கிறோம். செய்தி வழியில் குறியாக்கத்தோடு வந்தாலும் திரைக்கு வந்த பிறகு அது வெறும் எழுத்து, ஸ்கிரீன்ஷாட் அதை எடுத்துவிடும். அதே போல பிரவுசரில் சொந்தக் கூகுள் கணக்கை சிங்க் செய்தால் வீட்டில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அலுவலகக் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எப்போதும் ஊழியர் பக்கமே பேசுகிறீர்கள். நான் சின்ன நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளர் பட்டியலை ஒருவர் எடுத்துக்கொண்டு போய் எங்கள் தொழிலையே முடக்கப் பார்த்தார். நான் கண்காணிக்கக் கூடாதா?

பதில்: கண்காணிக்கலாம் ஐயா. உங்களுக்கு நடந்தது உண்மையான இழப்பு, அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்பது, அந்த இழப்பைத் தடுக்க எது தேவையோ அதோடு நில்லுங்கள் என்பது.

வாடிக்கையாளர் பட்டியல் போய்விடக் கூடாது என்றால் அந்தக் கோப்பை யார் திறந்தார், யார் நகல் எடுத்தார், பென் டிரைவில் போட்டாரா, வெளி முகவரிக்கு அனுப்பினாரா என்று பதிவு செய்யுங்கள். தேவையில்லாதவர்களுக்கு அந்தக் கோப்பே தெரியாமல் அனுமதியைச் சுருக்குங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால் யாருடைய சாட்டையும் படிக்க வேண்டிய அவசியம் வராது. எல்லோருடைய திரையையும் நாள் முழுக்கப் படம் எடுத்து வைத்தால், ஆயிரக்கணக்கான படங்களை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதற்குள் ஊழியர்களின் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை எல்லாம் வந்துவிடும், அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

இந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து வரும் ஊழியர்களோடு பேசும்போது தெரிந்துகொண்ட நோய், குடும்பப் பிரச்சினை, மத நம்பிக்கை போன்றவற்றை மேலாளர்கள் குறித்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். 50 மேலாளர்கள் வரை அதைப் படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் அமைப்பில் ஏற்பட்ட ஒரு பிழையால் சில மணி நேரம் அது நிறுவனம் முழுவதும் திறந்து கிடந்தது, அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு 3 கோடியே 53 லட்சம் யூரோ அபராதம். மைக்ரோசாஃப்ட் கூட 2020-ல் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்த உற்பத்தித் திறன் மதிப்பெண் வசதியில் தனித்தனி ஊழியர் பெயரோடு விவரம் காட்டியதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியதால், அந்த டிசம்பரிலேயே பெயர்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது.

என்ன பார்க்கிறீர்களோ அதை ஒரே பக்கத்தில், எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதி, அதே விதி உங்களுக்கும் பொருந்தும் என்று கூட்டத்தில் சொல்லிக் கொடுங்கள். மறைவாக ஒருவரைக் கண்காணிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், தகுந்த சந்தேகத்துக்கான ஆதாரத்தோடு, முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டு, அந்த ஒருவர் மேல், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்.

கேள்வி: அடுத்த வாரம் வேலையை விடுகிறேன். லேப்டாப்பில் குடும்பப் படங்கள், வருமான வரிக் கோப்புகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. மொத்தமாக ஃபார்மட் செய்து கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஃபார்மட் செய்தால் அலுவலகக் கோப்புகளும் சேர்ந்து அழியும், ஆதாரத்தை அழித்தார் என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள், ஏதாவது விசாரணையோ வழக்கோ நடக்கிறது என்றால் அது பெரிய சிக்கல். அழித்தாலும் மின்னஞ்சல், சாட் போன்றவை நிறுவனத்தின் சர்வரிலும் பேக்கப்பிலும் இருக்கும்.

ஐ.டி. பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, என் சொந்தக் கோப்புகளை எடுத்துக்கொண்டு நீக்க விரும்புகிறேன், எப்படிச் செய்யலாம் என்று கேளுங்கள். பல இடங்களில் அவர்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது எடுத்துக்கொள்ள விடுவார்கள். அனுமதி கேட்காமல் பென் டிரைவைச் செருகாதீர்கள், அது உடனே எச்சரிக்கை எழுப்பும் இடங்கள் உண்டு, குடும்பப் படத்தோடு ஒரு அலுவலகக் கோப்பு தவறிப் போனாலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்கி, எல்லாச் சொந்தக் கணக்குகளில் இருந்தும் வெளியேறுங்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். வங்கி, வருமான வரித் தளங்களில் அலுவலக மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் கடைசி நாளுக்கு முன்பே மாற்றுங்கள், பிறகு ஓ.டி.பி. அந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும், உங்களால் திறக்க முடியாது. லேப்டாப்பைக் கொடுக்கும்போது தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுக்க விடமாட்டோம் என்று சொன்னால், என்னென்ன கோப்புகள், எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு, இவை என் சொந்தக் கோப்புகள், திறக்காமல் என்னிடம் தரவும் அல்லது நீக்கவும் என்று எழுத்தில் கொடுங்கள். பிரான்ஸில் ஒரு ரயில்வே ஊழியர், தன் கோப்புகளை நிறுவனம் திறந்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2018-ல் அவருக்கு எதிராக முடிந்தது. ஊழியர் தன் கோப்புகளைத் தெளிவாக அந்தரங்கம் என்று குறித்து வைத்திருந்தால் அவர் இல்லாமல் முதலாளி திறக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம், இவர் அப்படிச் சரியாகக் குறிக்கவில்லை. அதனால் அந்தப் பட்டியலில் ஃபோல்டர் பெயரை மட்டும் போடாமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தரங்கம் என்று எழுதியே கொடுங்கள்.